பக்கத்துக் கட்டில்

அப்பாவுக்குச் சிகரெட் பிடிக்கத் தடை ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் தோட்டத்துக் கொட்டகையில், ஆயா பக்கத்தில் நிற்க, தீப்பிடிக்காத ஏப்ரனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பிடிக்கலாம். முதியோர் இல்லத்தின் சட்டம் அவ்வளவுதான். அந்த ஏப்ரனில்தான் வந்தது வினை.

"ஆயுசு முழுக்க அடுத்தவன் கழுத்துல துணி கட்டி முடி வெட்டினவன் நான். என் கழுத்துல ஒருத்தி கட்டுறதா?"

கை நடுங்குகிறது, நெருப்பு மடியில் விழுகிறது என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. யாரிடமோ நைசாகப் பேசி லைட்டர் வாங்கி, அறைக்குள்ளேயே ஊத ஆரம்பித்தார். தலையணை பொசுங்கியது. "இன்னொரு தடவை நடந்தா கூட்டிட்டுப் போயிடுங்க" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கே கூட்டிப் போவது? வீட்டில் மெத்தையைக் கொளுத்திய பிறகுதானே இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். பகலெல்லாம் அவள் துணிக்கடையில் நிற்க வேண்டும். மற்ற இல்லங்களில் கேட்டால், சிகரெட் என்றதுமே கையை விரித்தார்கள்.

இன்று அப்பா குளிக்கப் போயிருந்தார். போர்வையை மடிக்க எடுத்தவளுக்குப் பகீரென்றது. நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் கருகல். தலையணைக்கு அடியில் லைட்டர். அதைக் கைப்பைக்குள் போட்டாள். கருகலைக் கத்தரித்துவிட்டு, பையிலிருந்த ஊசிநூலை எடுத்து அவசர அவசரமாகத் தைக்க உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்தால் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

பக்கத்துக் கட்டிலில் வாத்தியார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நல்லா தைக்கிறம்மா," என்றார்.

அவள் ஊசியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேன். லைட்டரை எடுத்துட்டேன் சார்."

"அவருக்கு எப்படியும் இன்னொண்ணு கிடைச்சிடும்மா." வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. "சொல்ல மாட்டேன். அவரை விட்டா இங்க எனக்குப் பேச்சுத் துணை யாரு? ஆனா அவர் பத்த வெக்கும்போதெல்லாம் நான் கதவையே பாத்துட்டுக் கிடப்பேன். இந்தக் குழாய்ல தீ பிடிச்சா என்னால எழுந்து ஓட முடியாதும்மா."

இத்தனை மாதமாக வந்து போகிறாள், இந்தக் கட்டிலைப் பற்றி ஒருநாள்கூட யோசித்ததில்லை. அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது.

பாதி தைத்த போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மேனேஜர் மேசையில் கொண்டுபோய் விரித்தாள். மேலே லைட்டரை வைத்தாள்.

அவர் ஓட்டையைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "அவரை எங்கேம்மா வெச்சுப் பாத்துப்பீங்க?"

"தெரியல சார்," என்றாள். "இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."