வெளியே போகிற பந்து

விசாரணைக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது. என் தம்பி காசு வாங்கிக்கொண்டு கோல் விட்டானா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் விசாரணை சுருக்கமாக முடியும் என்று பேசிக்கொண்டார்கள்.

தம்பி கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பயிற்சியாளர் எங்கள் சித்தப்பா. நான் அதே கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். எங்களைச் சித்தப்பாவும் சித்தியும்தான் வளர்த்தார்கள். அதனால் குற்றம் சாட்டப்பட்டவனும் பயிற்சியாளரும் அன்று ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

இந்த சீசனில் எங்கள் மைதானத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் கல்லூரி முதல்வர் புது டிராக் சூட் வாங்கினார், தனக்கு. எதிரணிக்காரர்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவர்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்று நாங்கள் பெரிய மனதோடு வருத்தப்பட்டோம். தம்பிக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்தார்கள்.

மற்றவர்களின் மைதானங்களில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். சுவர் ஜன்னலாகி, பிறகு கதவானது. தோற்றதுகூடப் பெரிதில்லை, தோற்ற விதம்தான். பந்து வரும். தம்பி அதை நன்றாகப் பார்ப்பான். கையைத் தொங்கவிட்டு, விருந்தாளியை வழியனுப்புவதுபோல நிற்பான். பந்து கம்பத்துக்கு உள்பக்கமாக நுழைந்து வலையில் விழும். அதன் பிறகு அவன் முகத்தில் வரும் ஆச்சரியத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக நடிக்கிறான் என்றார்கள். கடைசி ஆட்டத்தில் அப்படி நான்கு கோல்.

குற்றம் உறுதியானால் நடத்தைச் சான்றிதழில் எழுதிவிடுவார்கள். அதன் பிறகு அவனை எந்தக் கல்லூரியும் சேர்க்காது, எந்த அணியும் எடுக்காது.

"அலட்சியமா இருந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. அதோட முடிஞ்சுது" என்றார் சித்தப்பா, தட்டைப் பார்த்தபடி.

"நான் அலட்சியமா இல்லையே சித்தப்பா."

"தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

சித்தப்பா தண்ணீர் கேட்டார். தண்ணீர் அவர் கையருகில்தான் இருந்தது.

மருத்துவமனைப் பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்த சித்தி, கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இவர் லட்சணமா சொல்லிக் குடுத்ததுல தோத்துட்டு, புள்ளைய திருடன்பாங்களா? நீங்க எதுக்கு இருக்கீங்க, விசில் ஊதவா?"

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமா, தெரிஞ்சவர் நீங்க பேச வேண்டியதுதானே? வாயில என்ன, விசில் மாட்டிக்கிச்சா?"

தம்பி மெதுவாகச் சொன்னான்: "மத்த கிரவுண்டுலல்லாம் கோல் பெருசா தெரியுது சித்தி. நான் இவர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பயந்தா எல்லாம் பெருசாத்தான்டா தெரியும்னாரு."

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அவர் சாப்பாட்டை மீதி வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. முதல்வர் வேதியியல் பேராசிரியர். கால்பந்தை அவர் மிக அருகில் பார்த்தது ஒரே ஒரு முறை, அது அவருடைய கார் கண்ணாடியை உடைத்தபோது. கூடவே நூலகரும் விடுதி வார்டனும். இருவருக்கும் ஆட்டத்தைப் பற்றி எந்த முன்முடிவும் கிடையாது, ஆட்டத்தைப் பற்றி எதுவுமே கிடையாது.

குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் அக்கா என்பது யாருக்கும் நினைவில்லை. நான் அந்தக் கல்லூரியில் வேலை பார்ப்பதே பலருக்கு நினைவில்லை. சித்தப்பா கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"பந்து வருதுன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா கையை நீட்டலை?" என்றார் வார்டன்.

"வெளிய போகுதுன்னு நெனச்சேன் சார்."

"நாலு பந்துமா?"

"நாலும் சார்."

"யாரு சொன்னா வெளிய போகும்னு?"

"அந்த இடத்துல வர்ற பந்து எப்பவும் வெளியதான் சார் போகும். நம்ம கிரவுண்டுல போகுமே."

"நம்ம கிரவுண்டு, அவங்க கிரவுண்டுன்னு பந்துக்குத் தெரியுமாடா?" என்றார் நூலகர். மூவரும் சிரித்தார்கள். முதல்வர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார், பதவி அப்படி. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எழுதிக்கோம்மா. சரியான விளக்கம் தரவில்லை. பணம் பெற்றிருக்கலாம் எனக் குழு கருதுகிறது" என்றார்.

நான் எழுதவில்லை.

முதலாமாண்டு மாணவர்கள் ஆய்வகத்தில் தவறான விடையோடு வருவார்கள். தவறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தால் கை நடுங்கியிருக்கும். எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, அளவுகோலைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் தினமும் சொல்கிறேன், பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம். ஐம்பது வயதுக்காரர்களிடம் எதையும் சொன்னதில்லை.

"சார்..." என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "சார்!" என்றேன் மறுபடி. இந்த முறை எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

முதல்வர் நாற்காலி பேசியதைப்போலப் பார்த்தார். "என்னம்மா, பேனா எழுதலையா?"

"லேப்ல டேப் இருக்கு சார். எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"நம்ம கிரவுண்டு கோலை அளக்கணும்."

"கோலை எதுக்கும்மா அளக்கணும்? அது எங்க போயிடப் போகுது?" என்று வார்டன் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. தம்பி திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பந்தைப் பார்க்கிற பார்வை அது, நன்றாக, கண் இமைக்காமல்.

சித்தப்பா சுவரை விட்டு விலகி முன்னால் வந்தார்.

"டேப் வேண்டாம்மா" என்றார் என்னிடம். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "அவன் காசெல்லாம் வாங்கலை சார். போன வருஷக் கடைசியில புது வலை வந்துச்சில்ல, நான்தான் அளவைத் தப்பா எழுதி அனுப்பிட்டேன். சின்னதா வந்துடுச்சு. திருப்பி அனுப்பினா உங்களுக்குத் தெரிஞ்சுடும். அதனால வலைக்குத் தகுந்த மாதிரி, ரெண்டு கோல்லயும் மேல் கம்பியை ரெண்டு முழம் வெட்டி, கம்பத்தைக் கிட்ட நகர்த்தி நட்டுட்டேன்."