சொல்லி வைத்த மாதம்

"அப்பா, அங்கை எங்கடை ஹோட்டலிலை பாத்ரூம் ஆர் கழுவுவினம்?"

நிலக்ஷி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாள். கிறிகோரி தொலைபேசியில் நிலாவெளிக் கடற்கரைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். பனையோலை வேய்ந்த ஆறு கபானாக் குடில்கள், நடுவே சின்னச் சாப்பாட்டுக்கூடம், அதற்கப்பால் கடல்.

"அதுக்கு ஆக்களை வைப்பம், பிள்ளை."

"அவையளுக்கும் மகள் இருப்பாளோ?"

"மஞ்சா, மஞ்சா," என்று இத்தாலியனில் சாப்பிடச் சொன்னாள் அவளுடைய அம்மா செலஸ்ரீனா. "கதையைக் குறைச்சுச் சாப்பாட்டைப் பார்." கிறிகோரியும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனான். மகளுக்குப் பதில் சொல்லவில்லை என்பது அப்போது அவனுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

அவன் வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்புறம் உள்ள ஒரு சிறு ஹோட்டலில் பதினான்கு வருடமாக அறை துடைக்கிறவன். துடைத்துத் துடைத்தே அந்தத் தொழிலை முழுதாகக் கற்றிருந்தான். விருந்தாளி கதவைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பார், எந்தக் குறையை மன்னிப்பார், எதை மன்னிக்கமாட்டார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மன்னாரில் பிறந்தவன் இலங்கையின் மறுகரையில் உள்ள நிலாவெளியைத் தேர்ந்தது ஊர்ப்பாசத்தால் அல்ல. வெள்ளைக்காரர் அங்கேதான் வருகிறார்கள் என்பதால். பலெர்மோவில் பிறந்த நிலக்ஷிக்கு அது வெளிநாடு. அவளுடைய பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அவள் சண்டை பிடிக்கும் மொழி எல்லாம் இங்கேதான் இருந்தன. அதையும் அவன் யோசித்தான். ஆனால் தன் அப்பா இன்னொருவரின் ஈரத் துவாயைப் பொறுக்குகிறவர் அல்ல என்று அவள் ஒருநாள் பார்க்கவேண்டும் என்ற ஆசை மற்ற யோசனைகளையெல்லாம் மூடிவிட்டது.

கபானாக்களை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுக்கக் காசு நாலு பக்கத்தால் சேர்ந்தது. செலஸ்ரீனாவின் நகை அடகுக்குப் போயிற்று. அவளுடைய அண்ணன் ஸ்ரான்லி ஒரு பங்கு போடுவதாகச் சொன்னான். வங்கியில் கொஞ்சம் கிடந்தது. மிச்சத்துக்குச் சீட்டு. கொட்வின்னின் பலசரக்குக் கடைப் பின்னறையில், மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆளுக்கு முந்நூறு ஈரோ. யார் அதிகக் கழிவு சொல்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. கழித்த காசு எல்லோருக்கும் சமமாகப் பிரியும்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உண்மையிலேயே அவசரம் உள்ளவர் எல்லோர் முன்னாலும் வாய் திறந்து கேட்கமாட்டார். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைப்பார். சீட்டுப் பிடிக்கிற கொட்வின் யார் பக்கமும் சாயக்கூடாது என்பதால் அவனிடம் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டவர், "இந்த மாசம் ஒராளுக்கு அவசரம்" என்று பெயரில்லாமல் மற்றவர்களின் காதில் போடுவார். அன்று யாரும் கழிவைக் கூட்டமாட்டார்கள். அவசரக்காரர் பேருக்கு ஐம்பது ஈரோ கழித்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த நாள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். ஏழைகள் ஒருவரின் மானத்தை மற்றவர் காப்பதற்கு ஆண்டவர் எத்தனையோ வழி வைத்திருக்கிறார். பலெர்மோத் தமிழருக்கு அவர் வைத்த வழி அது.

பெரும்பாலும் சொல்லி வைப்பது கிறிகோரியிடம்தான். கோவிலில் செபமாலை சொல்லிக்கொடுக்கிறவன் அவன்.

மாசி மாதச் சீட்டுக்கு முந்தின புதன்கிழமை, செபமாலை முடிந்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தபோது விமலராணி வந்து நின்றாள். ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. புருஷன் இல்லை. ஒரே மகன் விதுரன் மன்னாரில் சித்தியோடு இருந்தான்.

"அண்ணை, இந்த மாசம் எனக்கெண்டு சொல்லி வைக்கிறியளோ? பெடியனுக்கு வைகாசியிலை பதினெட்டு முடியுது. அதுக்குள்ளை பேப்பர் போட்டாத்தான் மகனெண்டு இஞ்சை கூப்பிடலாம். இப்ப இருக்கிற ஒற்றை அறையைக் காட்டினா ரெண்டு பேருக்குக் காணுமெண்டு எழுதித் தரமாட்டினம். ஒரு வீடு பாத்திட்டன். முற்பணம், ஏஜென்சிக்காசு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முந்நூறு கேக்கிறான்."

"ஓம். நான் சொல்லிவிடுறன். நீர் யோசியாதையும்," என்றான் கிறிகோரி. அந்த நேரம் அவன் மனதாரத்தான் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம் நிலாவெளிக் காணிக்காரர் தொலைபேசி எடுத்தார். சுவிஸிலிருந்து ஒரு குடும்பம் கையில் காசோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். "உங்களுக்குத் தந்த வாக்குக்காகப் பொறுக்கிறன். பத்து நாளிலை அட்வான்ஸ் வராட்டி என்னைக் குறை சொல்லக்கூடாது." அதன் பிறகு கிறிகோரி யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. பின்னேரம் எடுக்கலாம் என்று நினைத்தான். பின்னேரம், நாளைக்குப் பூசை முடிந்து நேரில் சொல்லலாம் என்று நினைத்தான். பூசை முடிந்ததும் முற்றத்தில் எல்லோரும்தான் நின்றார்கள். அவன் செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்துகொண்டு நேரத்தைப் போக்கினான்.

பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கொட்வின் தொடங்கினான். "சரி, ஆருக்கு ஆசை? காசு வேண்டாத ஆக்கள் வெளியிலை போய்க் காத்து வாங்கலாம்."

"ஐம்பது," என்றாள் விமலராணி, மெதுவாக. அவளுடைய கை ஏற்கனவே கைப்பையை மூட ஆயத்தமாகிவிட்டது.

"நூறு," என்றான் கிறிகோரி.

அவனுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. விமலராணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். விஷயம் தெரியாத சுஜானி உற்சாகமாக நூற்றைம்பது என்றாள். கழிவு ஏறிக்கொண்டே போய் முந்நூற்றறுபதில் கிறிகோரியிடம் நின்றது. விமலராணி பிறகு வாயே திறக்கவில்லை.

"ஹோட்டல்கார முதலாளி எடுத்திட்டார்," என்றான் கொட்வின். "அங்கை நாங்கள் வந்தா ரூம் சும்மாதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். கடையை விட்டு இறங்கும்போது விமலராணி அவனுக்காக வாசலில் நிற்பதைக் கண்டான். ஏசப்போகிறாள் என்று நினைத்தான். ஏசினால் நல்லது என்றும் நினைத்தான்.

"உங்களுக்கும் அவசரமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு, அண்ணை," என்றாள் அவள். "தெரிஞ்சிருந்தா அண்டைக்கு உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கமாட்டன். வீட்டுக்காரனிட்டை இன்னும் ஒரு மாசத் தவணை கேட்டுப் பாக்கிறன்."

அவன் "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

அட்வான்ஸ் நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்தது. செலஸ்ரீனா கபானாக்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். கிறிகோரி புதன்கிழமைகளில் செபமாலை சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். பக்தி கூடிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்து மற்றவர்களோடு சேர்ந்து "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்லும் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அவனுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

மாத நடுவில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, மேசையில் மடித்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இருந்தன. தடித்த பழைய லினன் துணி. ஓரத்தில் கையால் போட்ட தையல்.

"விமலக்கா கொண்டுவந்து தந்தவ," என்றாள் செலஸ்ரீனா. "சின்யோரா வீட்டிலை அலுமாரி ஒதுக்கேக்கை, வேணுமெண்டா எடு எண்டு குடுத்ததாம். உங்கடை ஹோட்டலுக்கு உதவும், எனக்கு ஒற்றைக் கட்டில்தானே எண்டு சிரிச்சவ. கழுவி, அயர்ன் பண்ணி வேறை கொண்டு வந்திருக்கிறா. நல்ல மனுசி, என்ன?"

அவன் விரிப்பைத் தொட்டுப் பார்த்தான். குத்திக்காட்டத்தான் தந்தாளோ என்று அன்றிரவு முழுக்க யோசித்தான். அப்படி இருக்கவேண்டும் என்று ஏறக்குறைய மன்றாடினான். அடுத்த புதன்கிழமை அவளைப் பார்த்தபோது அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "விரிப்புக் கட்டிலுக்குக் காணுமோ அண்ணை?" என்று கேட்டாள்.

அடுத்த சீட்டு வந்தது. இந்த முறை அவள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. தானே போய் நாலு பேரிடம் சொல்லலாம் என்று கிறிகோரி நினைத்தான். சுஜானியைத் தேடிப் போகவும் செய்தான். அவள் கடை வாசலில் நின்று நெத்தலிப் பொட்டலத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணை, சொல்லுங்கோ," என்றாள். ஒராளுக்கு அவசரம் என்று சொன்னால், எப்போதிருந்து என்று அவள் கேட்பாள். போன மாதமே என்றால், ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்பாள். "ஒண்டுமில்லை, சும்மா," என்றான் கிறிகோரி. அவன் அந்தச் சொல்லை விழுங்கியது அது இரண்டாம் தடவை. முதல் தடவை பேராசை. இந்தத் தடவை, தான் நல்லவன் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக. இதுவே அவனுக்கு அதிகக் கூச்சமாக இருந்தது.

சுஜானிக்கு மகளின் சாமத்தியச் சடங்குக்குக் காசு வேண்டியிருந்தது. அவள் விடவில்லை. விமலராணியும் விடவில்லை.

"ஏன் அக்கா, மகனுக்கு மாளிகையோ வாங்கப்போறியள்?" என்று சுஜானி பகிடியாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ரெண்டு அறை மாளிகை," என்றாள் விமலராணி. சொல்லிவிட்டு, "தொளாயிரம்," என்றாள்.

அந்தச் சீட்டில் அவ்வளவு கழிவு யாரும் சொன்னதில்லை. கொட்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆளுக்கு எழுபத்தைந்து ஈரோ கழியும் என்றான். இருநூற்றிருபத்தைந்து கட்டினால் போதும். ஆண்களில் ஒருவர் மெல்லக் கைதட்டினார்.

வீட்டில் செலஸ்ரீனா அந்த எழுபத்தைந்தைத் தனியாக எடுத்து வைத்தாள். "உங்களுக்கு நல்லதாப் போச்சு. ஆனா அந்த மனுசி பாவம். அறுநூறு குறையுதாம். வீட்டுக்காரன் ஒரு சதமும் விடமாட்டானாம். ஆரிட்டையும் கேக்கவும் மாட்டன் எண்டிட்டா." பிறகு விமான ரிக்கற்றுக்கான காசு வைத்த கடித உறையை அவன் சட்டைப் பைக்குள் வைத்தாள். "வெள்ளிக்கிழமை மறக்காமல் ரிக்கற்காரனிட்டைக் குடுங்கோ. ஆனியிலை போறதெண்டா இப்ப பதிஞ்சாத்தான் மலிவு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் சீட்டுக்காசைக் கட்டக் கொட்வின்னின் கடைக்குப் போனான். கொட்வின் கல்லாவிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து நீட்டினான். மேலே விமலராணியின் பெயரும், அதன் கீழே இரண்டாயிரத்து எழுநூறு என்ற இலக்கமும் எழுதியிருந்தன.

"போர்கோ வெக்கியோப் பக்கம்தானே ரிக்கற்காரன்? இதை விமலக்கான்ரை கதவுக்குக் கீழாலை தள்ளிவிடுங்கோ. ஆறு மணிக்குப் பிறகுதான் வருவாவாம், கடையைப் பூட்டிட்டு வர நேரமில்லை எனக்கு. உங்களிட்டைக் குடுத்துவிடச் சொல்லி அவதான் சொன்னவ."

"என்னட்டையோ?"

"வேறை ஆரை நம்புறது?" என்றான் கொட்வின், அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே.

போர்கோ வெக்கியோவில் சந்தை கலைந்திருந்தது. மீன் பெட்டிகளைக் கழுவிய தண்ணீர் கல்லுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. யன்னல் பலகைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஊர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தது. பயண முகவரின் கடை எதிர்த் திருப்பத்தில் திறந்திருந்தது. கிறிகோரி அதைக் கடந்து போனான். விமலராணி இருந்த கட்டடத்துக்குள் நுழைந்து, படியேறி, நடையின் கடைசியில் இருந்த அவளுடைய கதவுக்கு முன்னால் நின்றான்.

சுற்றிப் பார்த்தான். யாரும் இல்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். அவன் உறையை நகத்தால் மெல்லப் பிரித்தான். சட்டைப் பைக்குள் இருந்த மற்ற உறையிலிருந்து, அவள் கழித்த அதே தொளாயிரம் ஈரோவை எண்ணி உள்ளே வைத்தான். ஆனியில் போக முடியாது. இன்னுமொரு கோடை அறை துடைக்கவேண்டும். வீட்டுக்குப் போய்ச் செலஸ்ரீனாவிடம் சொல்லவும் வேண்டும். பேனாவை எடுத்து, இரண்டாயிரத்து எழுநூறை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் மூவாயிரத்து அறுநூறு என்று எழுதினான். கொட்வின்னின் பிழை என்று நினைத்து அவள் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. தன் பெயரை எழுதவில்லை.

இரண்டு முழங்காலும் தரையில் பட இருந்துகொண்டு உறையைக் கதவுக்குக் கீழே வைத்தான். இப்போது அது தடித்திருந்தது. அரைவாசி போய் நின்றுவிட்டது. இழுத்தெடுத்தான். தாள்களை அடுக்குக் குலைத்து உறை முழுக்கப் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தி, மறுபடி வைத்தான். மூலையைப் பிடித்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாகத் தள்ளினான். வெள்ளை ஓரம் சுருங்கிச் சுருங்கி விரல் அகலமாயிற்று. பிறகு நகத்தளவாயிற்று. கடைசியில் அதுவும் உள்ளே போய்விட்டது. கதவுக்குக் கீழே ஒரு கறுத்த கோடு மட்டும் இருந்தது. அதற்குள்ளால், பூட்டிக் கிடந்த அறையின் குளிர்ந்த காற்று அவனுடைய விரல் நுனிகளில் பட்டுக்கொண்டிருந்தது.