மாப்பிள்ளை வாசிக்க வேண்டிய ஸ்வரம்

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், திரிங்காப் மலைத்தோட்டத்தில் ரோஜா கட்டிக்கொண்டிருந்த பூவிழிக்கு இடது சுண்டுவிரலில் முள் ஏறி, விரல் வீங்கிவிட்டது. வேறு பெண்ணாக இருந்தால் மருதாணியை நினைத்து அழுதிருப்பாள். இவளுக்குக் கவலையெல்லாம் கித்தார். ரிங்லெட் ஊர் மண்டபத்தில், கல்யாண விருந்துக்கு வருகிறவர்கள் முன்னால், தான் கட்டிய பாட்டைத் தானே வாசித்துப் பாட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பக்கத்தில் பேஸ் கித்தார் வாசிக்கப்போவது மாப்பிள்ளை மகேன், காய்கறி லோரி ஓட்டுகிறவன்.

பாட்டு தொடங்குவது ஏ மைனர் நைன்த் என்ற உருக்கமான கார்டில். ஏ, சி, ஈ, ஜி, பி என்று ஐந்து ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும். சுண்டுவிரலை நீட்டி அத்தனையையும் பிடிக்க இரண்டு மாதம் உயிரை விட்டுப் பழகியிருந்தாள்.

"நம்ம கூட்டாளி ரஸ்லான கித்தார் வாசிக்கச் சொல்றேன். நீ பாடு, போதும்லா," என்றான் மகேன்.

"என் பாட்டுக்கு அவன் எதுக்கு?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து எழுத்தையும் காகிதத்தில் எழுதி முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடியில் கிடக்கும் ஏ-வை மகேன் எப்படியும் வாசிக்கப்போகிறான். அதை நானும் ஏன் சுமக்க வேண்டும்? காகிதத்தில் ஏ-வைக் கோடு போட்டு அடித்தாள். இப்போது சி அடி ஸ்வரமானது. மிச்சம் நாலுக்கு இரண்டு விரலே போதும், மூன்று கம்பிகளை இடது கையால் அழுத்தவே வேண்டாம். ஆனால் கித்தாரில் தட்டிப் பார்த்தால், உருக்கமான பாட்டு குதூகலமாகிப் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"இது நம்ம பாட்டே இல்ல!" என்றான் மகேன்.

"பேசாம உன் ஏ-வ போடு."

போட்டான். அவளுடைய நாலும் அவனுடைய ஒன்றும் சேர்ந்து அதே மைனர் நைன்த், முன்பைவிடத் தெளிவாக வந்தது. சந்தோஷத்தில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையோடு பூவிழி முதல் கார்டைத் தட்டினாள். கித்தாரிலிருந்து அந்தச் சிரிப்புதான் வந்தது, மகேனின் ஏ வரவில்லை. திரும்பினால், மாப்பிள்ளை பேஸைப் பிடித்தபடி அவளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். மறுபடி தட்டினாள்.

"பாட்டு நல்லா ஜாலியா இருக்கே," என்றாள் முன்வரிசையில் இருந்த மாரியம்மா அத்தை.

"மகேன், ஏ எங்க?"

மைக்கில் கேட்டுவிட்டது. மண்டபமே சிரித்தது. அசடு வழிந்துகொண்டே அவன் தடித்த கம்பியை மீட்டினான். ஏ சேர்ந்ததும் பாட்டு உருக, சிரித்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். பூவிழிக்கு மனசு நிறைந்து வழிந்தது. கட்டுப்போட்ட விரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கினாள்.