பொதுக் கொடியில் இரண்டு வயலின்கள்

இத்தாலியின் கிரெமோனாவில் வயலினை வார்னிஷ் பூசுவதற்கு முன் மொட்டை மாடியில் தொங்கவிட்டு வெயில் காட்டுவார்கள். பொர்த்தோலோவும் பக்கத்து வீட்டு சக்காரியாவும் ஒரே குருவிடம் வயலின் செய்யக் கற்றவர்கள். இன்றும் ஒரே அச்சில்தான் செய்கிறார்கள். யார் கை உசத்தி என்ற சண்டையில் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. மாடிக் கொடிக்கயிறு மட்டும் இரு வீட்டுக்கும் பொது. அதை அறுக்க இருவரின் மனைவிகளும் விடவில்லை!

ஜூனில் ஒரு நாள் திடீர் மழை. பெண்கள் இருவரும் ஓடிப்போய்த் துணிமணியோடு ஆளுக்கொரு வயலினையும் அள்ளி வந்தார்கள். பொர்த்தோலோ தன் வீட்டுக்கு வந்த வயலினுக்குச் சிவப்பு வார்னிஷை ஏழு தடவை பூசினான். ஆகஸ்ட் திருவிழாவுக்குப் பேராலயம் ஒரே ஒரு வயலின் வாங்கும். இரண்டு வருஷமாக சக்காரியாவுடையதுதான் போகிறது. இந்த முறையும் தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது.

பேராலயப் பாடகர் குழுவின் பாதிரியார் பெர்மோ சாமி வந்து அந்தச் சிவப்பு வயலினை வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த வளைவைப் பாருங்க சாமி! பக்கத்து வீட்டு ஆசாமி தலைகீழா நின்னாலும் வராது" என்றான் பொர்த்தோலோ.

"இதையே எடுத்துக்கறேம்ப்பா" என்றவர், வயலினை ஜன்னல் பக்கம் திருப்பித் துளை வழியாக உள்ளே பார்த்தார். "என்னய்யா, செஞ்சவன் பேர்ச்சீட்டுல சக்காரியான்னு இருக்கு?"

தன் வீட்டு வயலினுக்குள் எவன் எட்டிப் பார்ப்பான்? பொர்த்தோலோ அப்போதுதான் முதல் முறையாகக் குனிந்து பார்த்தான்.

"ஐயையோ, அன்னைக்கு மழையில மாறிப்போச்சுங்க!" என்று மனைவி லீவியா தலையில் கை வைத்தாள்.

அவளே ஓடிப்போய் சக்காரியாவை அழைத்து வந்தாள். அவன் கையில் மஞ்சள் வார்னிஷ் மினுங்கும் இன்னொரு வயலின். உள்ளே பொர்த்தோலோவின் சீட்டு. முகம் சிவந்து நின்றான். அதைக் காட்டித்தான் அவனும் ஒரு மாதமாக ஊரெல்லாம் பீற்றியிருக்கிறான்.

சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மனசுக்குப் பிடிச்சது இந்தச் சிவப்புதான். கோயில்ல யார் பேரைச் சொல்லட்டும்?"

சீட்டு உள்ளே ஒட்டியிருக்கிறது, மறைக்கவா முடியும்? பொர்த்தோலோ சக்காரியா பக்கம் கை காட்டினான்.

"அவன் பேரைத்தான் சொல்லணும் சாமி. வார்னிஷ் மட்டும் என்னுதுன்னு... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சக்காரியா தான் செய்த அந்தச் சிவப்பு வயலினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வார்னிஷ் நல்லாத்தான்டா இருக்கு" என்றான்.

பதினோரு வருஷத்தில் அவன் பொர்த்தோலோவிடம் பேசிய முதல் வார்த்தை. கோயில் வயலின் கைவிட்டுப் போனதே பொர்த்தோலோவுக்கு மறந்துவிட்டது.