கேரியர் இல்லாத வண்டி

ஆஸ்பத்திரியின் அடித்தள வாசலில் உயரத் தடுப்பாகத் தொங்கிய மஞ்சள் கம்பி இன்னும் நாலு விரற்கடை உயரமாக இருந்திருந்தால், ஜன்னல்காரருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையே இருந்திருக்காது. அவருடைய பழைய ஸ்டேஷன் வேகன் தாராளமாக உள்ளே போய்விடும். அதன் தலைமேல் இருந்த இரும்புக் கேரியர்தான் இடித்தது.

அடித்தளத்தில் நிறுத்த முடிந்தால் லிஃப்டில் ஏறி மனைவியின் சிகிச்சை நடக்கும் மாடிக்கே போய்விடலாம். வெளியே நிறுத்தினால் கொளுத்தும் வெயிலில் நீள முற்றத்தைக் கடந்தாக வேண்டும். முன்வாசலில் இறக்கிவிட்டுப் போங்கள், சக்கர நாற்காலி வரும் என்றார்கள். போன வாரம் அப்படித்தான் விட்டுப் போனார். வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். மனைவி படியோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா காத்து வாங்கலாம்னு உக்காந்தேன்" என்று சிரித்தாள். அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

வீடு வீடாகப் போய் அலுமினிய ஜன்னல் மாட்டுவது அவர் தொழில். சட்டங்களும் நீளக் கம்பிகளும் அந்தக் கேரியரில்தான் சவாரி செய்யும். மாட்டிய நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை. மனைவி படுக்கையில் விழுந்த பிறகு அவர் எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கேரியர் வெறுமனே வண்டியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஏணியைச் சாத்தி ஏறினார். மனைவி ஜன்னலோரம் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, காலை நல்லா ஊனி நில்லுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

"உத்தரவு மகாராணி."

முன்பக்கத்து நட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. பின்பக்கத்தவை துருவில் ஒட்டிப்போய் அசைந்துகொடுக்கவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோலுரிந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது இந்த ஜென்மத்துல வராது. கிரைண்டர் கொண்டு வரேன், காலோட அறுத்துடலாம்."

"அறுக்க வேண்டாம் தம்பி" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அவருக்கு அது பின்னாடி வேணும்."

"எதுக்குப் பின்னாடி, அண்ணி?"

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

அவளோ துணி காயப்போடுவதைப் பற்றிப் பேசுகிறவள்போலத் தொடர்ந்தாள். "வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க முடியுமா? வேலைக்குப் போகணும்ல. கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைங்க, சாயங்காலம் கழண்டுடும்."

ஜன்னல்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனரைக் கீழே போட்டார். "கிரைண்டரை எடுத்துட்டு வா" என்றார்.

தீப்பொறி பறந்தது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பின்பக்கத்துக் கால்கள் அறுபட்டு, இருவருமாகக் கேரியரைத் தூக்கிச் சுவரோரம் சாத்தியபோது ஜன்னல் சாத்தியிருந்தது.

கூரையில் தெரிந்த ஓட்டைகளை, ஜன்னல் விளிம்புக்குப் பூசும் அதே சிலிக்கான் பசையால் அடைத்து விரலால் நீவிவிட்டார். பிறகு உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"கோவப்படத் தெம்பு எங்க இருக்கு? அறுத்தது இரும்பைத்தானே."

"நீ அப்படியெல்லாம் பேசாதே."

"பேசாம இருந்தா மட்டும் போகாம இருந்துடுவேனா?" என்றாள் அவள். அவர் அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வண்டி நிசப்தமாக இருந்தது. வேகமெடுத்தால் கேரியர் விசிலடிக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறார்கள். இப்போது அவளுடைய மூச்சு இழுத்து இழுத்து வருவது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. தாங்காமல் ரேடியோவைப் போட்டார். அவள் கைநீட்டி அணைத்தாள்.

"இருக்கட்டுங்க. இப்பத்தான் மெதுவா பேசினாலும் காதுல விழுது. பேசிக்கிட்டே போலாம்."

பேசினார்கள். முதன்முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு ஜன்னல்கூடச் சரியாகச் சாத்தாததை, அப்போது அவருக்கு இந்தத் தொழிலே தெரியாததை. மஞ்சள் கம்பிக்கடியில் நுழையும்போது இருவரும் தம்மையறியாமல் தலையைக் குனிந்தார்கள். குனிந்ததைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்தது.

மழைக்காலம் முடிகிறவரை அந்தக் கம்பிக்கடியில் போய்வந்தார்கள். ஒருநாள் அவள் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் மட்டும் திரும்பி வந்தார்.

பல வாரம் கழித்து ஒரு பழைய வாடிக்கையாளர் விடாமல் கூப்பிட்டார். மறுக்கத் தெம்பில்லாமல் ஜன்னல்காரர் ஒப்புக்கொண்டார். அலுமினியக் கடையில் கம்பிகளை வண்டிக்குள் தள்ளிப் பார்த்தார்கள்; முன்சீட்டில் வந்து முட்டின.

"அந்த சீட்டைச் சாய்ச்சு மடக்கிடுங்க, நேரா போயிடும்" என்றார் கடைக்காரர்.

சீட்டுக்கடியில் இருந்த பிடியில் கைவைத்தார். அவள் உட்காரத் தோதாகக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு குட்டித் தலையணையோடு, வைத்தது வைத்தபடியே இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"கம்பி இங்கயே இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

நேரே மெக்கானிக்கிடம் போனார். "அந்தக் கேரியருக்குக் கால் வச்சு வெல்டிங் பண்ண முடியுமா?"

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தான். கூரையைத் தடவிப் பார்த்து, "ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கே, அண்ணே" என்றான்.

"நான்தான் அடைச்சேன். நானே எடுத்துடறேன்."

ஏணியில் ஏறி, தகட்டுக் கத்தியால் சிலிக்கானைச் சுரண்டினார். நன்றாகப் பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. பாதியில் கத்தி நின்றது. கூரையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, அவள் போன நாளில்கூட அழாத மனிதர் விம்மி விம்மி அழுதார்.

மெக்கானிக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான்.