மரகதத்துக்குள் ஒரு கோடு

ஒரு டம்ளர் நழுவினாலே வீட்டையே இரண்டாக்கிவிடும் மாமியார், கல்யாணத்தன்று தன் விரலிலிருந்து கழற்றிப் பெட்டியோடு கொடுத்த மரகத மோதிரம் அது. குளியலறையில் கை தவறி விழுந்ததை மருமகள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதுவரை உற்றுப் பார்த்திராத கல்லுக்குள் ஒரு கோடு ஓடியது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மோதிரப் பெட்டியோடு கல் பரிசோதகரிடம் போய் நின்றாள்.

அவர் லென்ஸில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது விழுந்து வந்த கோடு இல்லம்மா. கல்லு மண்ணுக்குள்ள வளரும்போதே வந்தது. இது இல்லேன்னாத்தான் கண்ணாடியோன்னு எனக்குச் சந்தேகம் வரும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மோதிரத்தைத் திரும்ப வைக்கும்போது பெட்டியின் வெல்வெட் துணி பெயர்ந்து, அடியில் மடித்த சீட்டு ஒன்று தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய பரிசோதனைச் சீட்டு. 'பிறவிக் கோடு. கீழே விழுந்ததால் வந்ததல்ல' என்று எழுதி, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் மாமியாரின் கையெழுத்து இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவியது. மாமியார் வாயைத் திறக்குமுன் மருமகள் கேட்டாள்: "அத்தை, நான் மோதிரத்தைக் குளியலறையில கீழ போட்டுட்டேன். நீங்க எங்க போட்டீங்க?"

மாமியார் குனிந்து டம்ளரைத் தானே எடுத்தார்.

"அதே குளியலறையிலதான்."