டியூக்கின் எலும்புகள்

எங்கள் கிரிம்ஷா ஊரின் நாய்ப் பந்தயத் திடலை, கவுன்சிலர் கிளேரன்ஸ் ஆலரன்ஷா 'விளையாட்டரங்கம்' என்றுதான் எழுதுவார். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மேட்டுக்குப் பின்னால், தகர வேலிக்குள், கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, நாய்கள் துரத்துவதற்காக ஒரு முயல்தோலை இழுத்துக்கொண்டிருந்த இடம் அது. உரிமமும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அதை மூடிவிட்டுப் பல்பொருள் அங்காடி கட்டிய பிறகுதான் கவுன்சிலருக்கு அதன் வரலாற்றை எழுதும் ஆசை வந்தது.

வரலாற்றின் நாயகன் டியூக். கறுப்பு உடம்பு, ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. ஓட்ட நாய்கள் மூன்று நான்கு வருடத்தில் ஓய்ந்துவிடும். டியூக் பத்து வருடம் ஓடியது, ஓடி ஜெயித்தது. யார்க்ஷயர் மண்ணின் வீரம் என்று கவுன்சிலர் எழுதினார். மழை பெய்தால் டியூக் பந்தயத்துக்கு வராது. அதை உயர்குல நாசூக்கு என்று எழுதினார். நாய்களைச் சோதித்துத் திடலுக்குள் அனுப்பிய நடுவர், கவுன்சிலரின் அப்பா. அவருடைய நேர்மைக்குத் தனியாக ஓர் அத்தியாயம்.

எழுதியதோடு நின்றிருக்கலாம். அங்காடி வாசலில் டியூக்குக்கு நினைவுக்கல் நட வேண்டும், அதனடியில் அதன் எலும்புகளை அடக்கம் செய்ய வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எலும்புகள் கிடந்தது வினிஃப்ரெட் சக்டனின் கொல்லையில். டியூக்கை வளர்த்த ஹெரால்டு சக்டனின் மனைவி அவள். ஹெரால்டு போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

கொல்லையில் கிடப்பது ஒரு நாய் அல்ல, மூன்று என்பது அவளுக்குத் தெரியும். முதல் டியூக் நொண்டியானதும் ஹெரால்டு அதே உயரத்தில் இன்னொரு கறுப்பு நாயைக் கொண்டுவந்தான். அதுவும் ஓய்ந்ததும் மூன்றாவது. பின்னால் வந்த இரண்டுக்கும், கான்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளைப் பாலிஷைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் காலில் பூசியவள் வினிஃப்ரெட்தான். எங்கள் பக்கத்து உரிமமில்லாத் திடல்களில் ஒரு நாயை இன்னொரு பெயரில் ஓடவிடுவது பெரிய பாவமில்லை. பிடிபடுவதுதான் பாவம். இப்போது ஹெரால்டின் பெயரைக் கல்லில் வெட்டியாகிவிட்டது. அதன் கீழேயே மோசடிக்காரன் என்று ஊர் எழுதிவிடுமே என்பதுதான் அவள் கவலை. எல்லோரையும்விட, டியூக் ஜெயிக்க ஜெயிக்க, அதன்மேல் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்த புக்கி ஸ்டான்லி பிரெய்த்வெய்ட்டை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள்.

புதைத்த இடம் மறந்துவிட்டது என்றாள். கவுன்சிலர் அண்டை வீட்டாரைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தார். மண் ஈரம் என்றாள். காயும்வரை காத்திருந்தார். கடைசியில் பதவிச் சங்கிலி, பாதிரியார், பித்தளை வாத்தியக் குழு சகிதம் கொல்லைக்குள் வந்து நின்றார். ஊரே வேலியில் சாய்ந்து பார்த்தது. பழைய சுரங்கத் தொழிலாளி டாமி ஹெப்டன் மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினான்.

ஒரு மண்டையோடு வந்தது. கவுன்சிலர் தொப்பியைக் கழற்றினார். வாத்தியக் குழு சோக கீதம் தொடங்கியது. டாமிக்கு வெட்டத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. இரண்டாவது மண்டையோடு வந்தது. வேறு ஏதாவது அநாதை நாயாக இருக்கும் என்றார் கவுன்சிலர். மூன்றாவதும் வந்தபோது ஊதுகொம்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

வினிஃப்ரெட்டின் கண் வேலியோரம் நின்ற ஸ்டான்லியிடம் போனது. அவர் நிதானமாகப் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"மூணுதானா? நான் நாலுன்னுல்ல நெனச்சேன்."

"கடைசி நாய்க்கு வாலு குட்டை. குருடன்கூட சொல்லுவான்," என்றான் டாமி குழிக்குள்ளிருந்து.

வேலியோரம் சிரிப்பு பரவியது. வினிஃப்ரெட் வேலிப் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியுமா ஸ்டான்லி?"

"பாலிஷ் வாசம் மூக்கைத் தொளைக்குமேம்மா. அது வந்தா நானே பக்கத்து ஊர் புக்கிகிட்ட டியூக் மேல பணம் கட்டிடுவேன். என் வீட்டுக் கூரையே ஒம் புருஷன் புண்ணியத்துல போட்டதுதான்."

தன் தகப்பனார் நடுவராக இருந்த திடலில் இப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கவுன்சிலர் குரலை உயர்த்தினார்.

"ஒங்கப்பா பல்லப் பாப்பாரு, காதப் பாப்பாரு, மூணு காலத் தூக்கிப் பாப்பாரு கிளேரன்ஸ்," என்றார் ஸ்டான்லி. "வெள்ளக் கால மட்டும் தொடமாட்டாரு. கையில ஒட்டிக்குமே."

வினிஃப்ரெட் மண்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டுபோன சுகத்தோடு கோபமும் வந்தது.

"இத்தன வருஷமா இந்த மண்ணுல ஒரு முட்டைக்கோசு நட்டதில்லய்யா நான். ஒருத்தராச்சும் சொல்லித் தொலைக்கக் கூடாது?"

"நீ அவ்ளோ பத்திரமா வச்சிருந்த ரகசியம்," என்றார் ஸ்டான்லி. "அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. கவுன்சிலர் மூன்று மண்டையோடுகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு அவளருகில் குனிந்தார்.

"வினி, இதுல நெஜ டியூக் எது?"

அவளும் குனிந்து, அக்கறையாகப் பார்த்தாள்.

"எனக்கே தெரியல கிளேரன்ஸ்."

உண்மையைச் சொல்வது அவ்வளவு இனித்ததால், எதுவுமே கேட்காத பாதிரியாரிடமும் போய் அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தாள்.